ஆயிரத்து எண்பத்து நாலு

போன ஆவணியில் பேத்தியின் கலியாணப் பத்திரிகை கொடுக்க எங்கள் பழைய கல்லூரிக்குப் போயிருந்தேன். பௌதிக லேபில் இருக்கும் பிள்ளைகள் என்னை லேசில் விடவில்லை. பிள்ளைகள் என்கிறேனே தவிர, அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். ஊசல் குண்டு ஆடும்போது ஒரு விளக்கு வெளிச்சத்தைக் குறுக்கே கடக்கிறது. கடக்கக் கடக்கப் பெட்டியில் சிவப்பு எண் மாறுகிறது. மாணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். “உங்க காலத்துல இதை எப்படி சார் எண்ணினீங்க?” என்று ஒரு இளவட்டம் கேட்டது. வாயால்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வாயால் எண்ணவே எங்களுக்கு வெகுகாலம் அனுமதி கிடையாது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பின்னாலேயே ஆள் அனுப்பிவிட்டார்கள். சரி, அதையே எழுதிவிடுகிறேன்.

நான் தம்மம்பட்டிக்காரன். அப்பா தபாலாபீசில் இருந்தார். சென்னையில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, வேலை கிடைக்காமல் கொஞ்ச காலம் எல்லார் வாயிலும் விழுந்தேன். பிறகு சேலத்தில் இந்தக் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. இதெல்லாம் அந்தக் காலத்தில் படித்த எல்லாருக்கும் நடந்ததுதான். இதை எழுதி மலரின் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

லேப் என்பது அப்போது ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். முன்பக்கம் கல்லூரி. பின்பக்கம் ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் தானிய மண்டிகள். வெயிலாவது வந்து எட்டிப் பார்க்கட்டும் என்று ஓட்டில் அங்கங்கே கண்ணாடி பதித்திருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி வகுப்புக்கு அந்தக் கண்ணாடி வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வெயில் தரையில் விழும். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டுகள் வெயிலுக்குள் வந்து ஒரு மின்னு மின்னிவிட்டுத் திரும்ப நிழலுக்குள் போகும். ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருப்போம், காற்றுப் பட்டால் ஆட்டம் கெட்டுவிடும். பேச்சு கிடையாது. ஒரு டஜன் ஊசல்கள் சத்தமே இல்லாமல் போவதும் வருவதுமாக இருக்கும். சாப்பிட்ட மயக்கம் வேறு. பார்த்துக்கொண்டே நின்றால் நம் மூச்சும் அதோடு சேர்ந்து போய்வர ஆரம்பித்துவிடும். ஒரு பையன் ஒருதரம் நின்றபடியே தூங்கி, குண்டு ஓய்ந்த பிறகும் எண்ணிக்கொண்டே போனான். நானும் எத்தனையோ நாள் பாதிக் கனவில்தான் அங்கே சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

அந்த அமைதி தானாக வந்ததில்லை. அனந்தராமன் சார் போட்ட சட்டம் அது. அவர்தான் எங்கள் பௌதிகப் பிரிவுக்குத் தலைவர். கும்பகோணத்துப் பக்கம் பூர்வீகம். கோடையானாலும் மூடிய கோட்டு, தலைப்பாகை. ஸ்டாப் வாட்சை ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றித் தன் பையிலேயே வைத்திருப்பார். யுத்தம் வந்து சீமைச் சாமான் நின்றுபோன பிறகு லேபில் மிஞ்சியது அது ஒன்றுதான். முறை வராத பையன்கள் வாட்ச் இல்லாமலே எண்ணிப் பழகுவார்கள். அதை ஒரு பையன் கையில் கொடுக்கும்போது, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொடுப்பார்.

ஊசல் பரிசோதனையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழுகிற பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி எவ்வளவு கூடுகிறது என்பதை ‘ஜி’ என்போம். ஒரு நூலின் நீளமும், அதில் கட்டிய குண்டு ஒருதரம் போய்வரும் நேரமும் தெரிந்தால் இந்த ஜியைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரே ஆட்டத்தை அளந்தால் கை முந்தும், பிந்தும். அதனால் இருபது ஆட்டத்துக்கு நேரம் எடுத்து வகுப்போம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் சார் அதைச் செய்ய வைப்பது ஒரு பூஜை மாதிரி இருக்கும். நூலை ஒரு பிளந்த தக்கைக்குள் கடித்தாற்போல் மாட்ட வேண்டும். தக்கையின் அடியிலிருந்து குண்டின் நடு மையம் வரைக்கும் நீளம் எடுக்க வேண்டும். குண்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு. குண்டு அந்தக் கோட்டைத் தாண்டும் நேரத்தில், அதாவது அது அதிக வேகத்தில் இருக்கும்போது, வாட்சை அமுக்க வேண்டும். ஓரத்துக்குப் போய் அது தயங்கி நிற்கும்போது அமுக்கினால் நம் கையும் தயங்கும் என்பார். “அமுக்குறப்போ ஒண்ணுன்னு ஆரம்பிக்காதே. ஒரு ஆட்டம் முடிஞ்சாத்தான் ஒண்ணு” என்பதை ஒவ்வொரு பையனின் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று சொல்லுவார். எண்ணிக்கை மனசுக்குள் நடக்க வேண்டும். ஒருத்தன் வாய்விட்டு எண்ணினால் பக்கத்தில் இருப்பவனின் கணக்கு கலைந்துபோகும் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான்.

கணக்கு முடித்தவன் அவர் மேஜைக்குப் போய் விடையைச் சொல்ல வேண்டும். விடையோடு, அது எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பிழை சொல்லாத விடையை அவர் காதில் வாங்கவே மாட்டார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். “எதனால?” என்று ஒரே ஒரு கேள்வி. நூல் நீண்டதாலா, கை பிந்தியதாலா, எதனால் அந்தப் பிழை என்று பையன் விளக்க வேண்டும். சரியான ஜி எவ்வளவு என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. லேபில் இருந்த புத்தகத்தில் அந்த வரியின் மேல் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். கேட்டால், நீ எதற்கு அளக்கிறாய் என்பார்.

புத்தகம் ஒன்றுதானா உலகத்தில்? பையன்கள் எங்கேயோ பிடித்து, சென்டிமீட்டர் கணக்கில் 981 என்ற விடையை வைத்திருப்பார்கள். அதிலிருந்து பின்னாலேயே கணக்குப் போட்டு, நேரத்தையும் நீளத்தையும் ஜோடித்து எழுதிக்கொண்டு வருவார்கள். 981 என்று ஒருத்தன் சொன்னதும் சார் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “லண்டன்லேர்ந்து எப்போ வந்தே? அங்க குளிர் எப்படி?” என்பார். அந்த அளவு லண்டனுக்கு உரியது. பூமி அந்தப் பக்கம் கொஞ்சம் சப்பை என்பதால் இழுப்பு அங்கே அதிகம். சேலத்துக்கு அது வராது. இதுவே தெரியாமல் ஜோடித்தவன் விழிப்பான். வருஷா வருஷம் ஏழெட்டுப் பேர் இப்படி லண்டன் போய்த் திரும்புவார்கள்.

அவரிடம் இன்னொரு வேடிக்கைக் கதையும் உண்டு. வருஷத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் ராசிபுரத்திலிருந்து காளியண்ணன் என்று ஒரு பையன் படித்தானாம். ஜி எவ்வளவு என்று கேட்டால் ஆயிரத்து எண்பத்து நாலு என்றானாம். திரும்பச் செய்யச் சொன்னால் திரும்பவும் அதே ஆயிரத்து எண்பத்து நாலு. நிஜமாக அளக்கிறவனுக்கு இரண்டாந்தரம் ஒன்றிரண்டாவது மாறும். இவனுக்கு மாறவே இல்லை. செய்யாமலே சொல்கிறான், ஒரு தரம் சொன்ன பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று சார் முடிவு கட்டி, அவன் ரெக்கார்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார். “பூமியையே பத்துல ஒரு பங்கு கனமாக்கிட்டான். அந்த வருஷம் சேலத்து மாங்காயெல்லாம் அவசரம் அவசரமா விழுந்திருக்கும்” என்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். காளியண்ணன் பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டுப் போனான் என்பது கதையில் வராது.

யுத்தத்தின் நடுவில் ஒரு வருஷம் செங்கோடன் என்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூர். நெட்டையாக, குத்திய காதுக்குக் கடுக்கன் இல்லாமல், யாரைப் பார்த்தாலும் வழிவிட்டு ஒதுங்கி நிற்பான். அவன் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவன்தான். எண்ணும்போது உதடு மட்டும் லேசாக அசையும், சத்தம் வராது. நூல் மாட்டுவதிலும் நீளம் எடுப்பதிலும் வகுப்பில் அவனுக்கு ஈடு யாரும் இல்லை. அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு கலைந்த பிறகும் ஊசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மேஜைக்கும் போகவில்லை. என்னப்பா என்று கேட்டேன். காகிதத்தைக் காட்டினான். ஆயிரத்து எண்பத்து நாலு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மூன்று வகுப்பாகச் செய்து பார்த்திருக்கிறான். மூன்றிலும் அதே விடை. கூட இருந்தவர்கள் 981 என்று எழுதித் தொலை, இரண்டு நாள் லண்டன் என்று சிரிப்பார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறார்கள். இவனுக்கு அதற்கு மனசு ஒப்பவில்லை. உள்ளதைச் சொன்னாலோ மாங்காய்க் கதையில் இனி இவன் பெயரும் சேரும். “நான் ஊட்டுக்கே போயிர்றனுங்க சார்” என்றான். “கண்ணால பாத்து அளந்ததுதானுங்க. ஆனா பொய்யின்னு தானே சொல்லுவாங்க? அந்தப் பேரோட எங்கூருக்குள்ள போக முடியாதுங்க. இப்பவே போயிட்டா, படிப்பு ஏறலைன்னு சொல்லிக்கலாமுங்க.”

திங்கட்கிழமை வரைக்கும் பொறு என்று அவனைப் பிடித்து நிறுத்தினேன். அந்த ஊசலில் நானே ஒருதரம் அளந்து பார்த்தேன். எனக்கு ஒழுங்காக வந்தது. நூலில் குற்றமில்லை, குண்டில் குற்றமில்லை, வாட்சில் குற்றமில்லை. அப்படியானால் பையனிடம்தான் என்னவோ இருக்கிறது. ஒன்றில் ஆரம்பித்தாயா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. எனக்கே மண்டை காய்ந்தது.

மறுநாள் சனிக்கிழமை, வகுப்பு கிடையாது. சார் வாட்சை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். செங்கோடனை வரச் சொல்லியிருந்தேன். இருபதுக்குப் பதில் ஐம்பது ஆட்டம் எண்ணு என்றேன். ஆயிரத்துப் பதினெட்டு வந்தது. நூறு எண்ணச் சொன்னேன். ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரே ஊசல், ஒரே பையன், எண்ண எண்ணப் பூமியின் இழுப்புக் குறைந்துகொண்டே வருகிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எத்தனை ஆட்டம் எண்ணினாலும் அவன் கணக்கில் ஒரே ஒரு ஆட்டம் காணாமல் போகிறது. இருபதில் ஒன்று போனால் பெரிய நஷ்டம், நூறில் ஒன்று போனால் சின்ன நஷ்டம். அந்த ஒன்று எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை. திரும்ப இருபது எண்ணு என்று சொல்லிவிட்டு, நான் பெஞ்சில் காலை நீட்டினேன்.

சேலத்து வெயிலுக்கு அந்த ஓட்டுக் கட்டடம் அவியும். சார்தான் இல்லையே என்று பின்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். சந்திலிருந்து நெல் தூசியின் வாசனை வந்தது. எதிர் மண்டியில் யாரோ நெல் அளந்துகொண்டிருந்தார்கள். தாலாட்டு மாதிரி ஒரு இழுப்பான குரல். கண் செருகியது. கண்ணுக்கு முன்னால் குண்டு வெயிலுக்குள் வருகிறது, போகிறது. காதில் அந்தக் குரல் வருகிறது, போகிறது. குண்டு வரும்போது மண்டிக்காரரும் ஒரு எண் சொல்கிறார் போல இருந்தது. குண்டை எண்ணுகிறாரா, நெல்லை எண்ணுகிறாரா என்று எனக்கே பிடிபடவில்லை. சுகமாக இருந்தது. ஏதோ ஒரு ஆற்றில் மிதந்து போகிற மாதிரி. குரல் ஒரு குவியலை முடித்து நின்றது. அடுத்த குவியலுக்கு மறுபடி எழுந்தது. “லாபம்… லாபம்… ரெண்டு… ரெண்டு… மூணு…”

அரைத் தூக்கத்தில் செங்கோடனின் உதட்டைப் பார்த்தேன். வாட்சை அமுக்கும் கணத்தில் அந்த உதடு ஒட்டிப் பிரிந்தது. லாபம் என்று சொல்கிற உதடு அது.

எழுந்து உட்கார்ந்தேன். அந்தச் சொல்லை நான் அறியாதவன் இல்லை. சந்தையில் யார் தானியம் அளந்தாலும் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்லுவார்கள். அடுத்தது ரெண்டு. சிறு வயது முதல் கேட்டதுதான். கேட்டதை எல்லாம் எங்கே நினைக்கிறோம்? பையனை வாய்விட்டு எண்ணச் சொன்னேன். முதலில் கூசினான். பிறகு குண்டு கோட்டைத் தாண்டும்போது வாட்சை அமுக்கி “லாபம்” என்றான். போய்வந்தது. “ரெண்டு” என்றான்.

“ஒண்ணு எங்கேப்பா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுல ஆரம்பிக்காதேன்னு தானுங்களே சார் சொன்னாரு” என்றான். “நான் ஒண்ணுன்னே சொல்லலீங்களே.”

அவன் அப்பா மண்டியில் அளவுக்காரர். மூன்று தலைமுறையாக அதே தொழில். நாலு படி கொள்ளும் வள்ளத்தை அவன் நடை பழகும்போதே தூக்கிப் பழகியிருக்கிறான். அளந்து பழகிய கை ஒரே சீராக இருந்ததால்தான் மூன்று தரமும் விடை மாறவில்லை. ஒன்று என்று தொடங்கி எதையும் அவன் எண்ணியதே இல்லை. ‘ஒன்றில் ஆரம்பிக்காதே’ என்று சார் முதுகுக்குப் பின்னால் வந்து சொன்னபோதெல்லாம், இது நமக்குத் தெரிந்த சங்கதிதானே என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கிறது. சைபர் என்று ஆரம்பித்துப் பாரேன் என்றேன். ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு எப்படி அளக்கத் தொடங்குவது என்று தயங்கினான். சரி, லாபம் என்றே ஆரம்பி, ஆனால் அடுத்தது ஒன்று என்றேன். லாபம், ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினான். கணக்குப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். 979. கண் கலங்கிவிட்டது பையனுக்கு. எனக்கும்தான்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குமுன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாட்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் லாபம் என்றதும் துடைப்பது நின்றது. என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தக் காளியண்ணனோட தகப்பனார் என்ன பண்ணிண்டிருந்தார்?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது இந்த ஊரிலேயே இல்லை. அவர் என்னைக் கேட்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

செங்கோடன் அன்று மேஜைக்குப் போய் 979, ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம் என்றான். எதனால் என்று சார் கேட்டார். அவன் விளக்கினான். மறைக்காமல் மண்டி, வள்ளம், லாபம் எல்லாவற்றையும் சொன்னான். வகுப்பில் ஒன்றிரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். சார் நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் இனிமேல் வாய்விட்டு எண்ணலாம் என்று சொன்னார். சத்தம் அதிகமாக இருந்தால் இடம் விட்டு நிற்கட்டும், ஜன்னலை வேண்டுமானால் பாதி திறக்கட்டும் என்றார். அந்த மத்தியானத்திலிருந்து எங்கள் லேபில் அமைதி போய்விட்டது. ஒரு டஜன் ஊசலுக்கு ஒரு டஜன் குரல், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் தூக்கம் வருகிற சத்தம்தான். கவனித்துக் கேட்டதில் இன்னும் இரண்டு பேர் லாபத்தில் ஆரம்பித்தார்கள். அவர்கள் இருவரும் ஏற்கெனவே 981 எழுதிக் கொடுத்து லண்டன் போய்வந்த பிள்ளைகள்.

செங்கோடன் பரீட்சை தேறினான். அடுத்த ஜூனில் புது வகுப்பு வந்தது. மூத்த பையன்கள் சொல்லி வைத்திருந்ததால் மாங்காய்க் கதைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். சார் அந்த இடத்துக்கு வந்தார், ஒரு நிமிஷம் நின்றார், கரும்பலகைப் பக்கம் திரும்பி ஊசலின் படத்தை வரைய ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலம் என்னிடம், ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் வர முடியுமா என்று கேட்டார். அந்த ஊர் மண்டியில் காலேஜ் வாசனை கண்ட அளவுக்காரர் ஒருத்தர் உண்டு என்று செங்கோடன் எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறான். இத்தனை மாசம் அதை மனசில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஜனங்களை இறக்கிவிட்டுத்தான் ஏறும். சார் கோட்டும் தலைப்பாகையுமாக எல்லோரோடும் இறங்கி நடந்தார். இரண்டு பக்கமும் கம்பங்காடு, தூரத்தில் நீலமாக மலை. நான் ஜன்னல் ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்குவதும் விழிப்பதுமாகப் போனேன்.

மண்டியில் ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. நாற்பதை ஒட்டிய வயசு, மேலெல்லாம் உமித் தூசி. நெல் குவியலுக்கு முன் குந்தியிருந்து வள்ளத்தால் அள்ளி அள்ளிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். அளக்கிறவர் நடுவில் பேச மாட்டார், கணக்கு கலையும். எங்களை ஏறிட்டுப் பார்த்தார். சாரை அடையாளம் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. சொன்ன எண்ணையே இரண்டிரண்டு தரம் இழுத்துச் சொல்லி அளந்துகொண்டே போனார். சார் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில், அந்தக் குவியல் தீரும் வரைக்கும் பேசாமல் நின்றார்.

“வாங்க சார்” என்று எழுந்தார் காளியண்ணன். யாரையோ விட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். சார் மோரை வாங்கிக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“காளியண்ணா, நீ அன்னிக்கு நிஜமாத்தான் அளந்திருக்கே. பொய் சொல்லலை. நீ எப்படி எண்ணறேன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

லாபம் வந்த கதையை நான் எடுத்துச் சொன்னேன். காளியண்ணன் வள்ளத்தின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே கேட்டார். இருபது என்று அன்று எண்ணியதை மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்க்கிறார் என்பது உதட்டிலேயே தெரிந்தது. முடிந்ததும் ஒரு மூச்சு விட்டார்.

“படிப்பு போனதுகூடப் பெருசில்லீங்க சார்” என்றார். “எங்கப்பன் கேட்டாரு, எதுக்குடா அனுப்பிட்டாங்கன்னு. தப்பா அளந்தன்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னு எப்படீங்க அவருகிட்டச் சொல்லுவேன்? அளக்கறவரு மகனாச்சுங்களே. கடைசி வரைக்கும் சொல்லலீங்க. அவரு போயும் ஆறேழு வருசமாச்சு.”

சார் மோரைக் குடிக்காமலே கீழே வைத்தார். மண்டியில் ஜனம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. வண்டிக்காரர் ஒருத்தர் அடுத்த குவியலுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். காளியண்ணன் இதோ என்று கை காட்டிவிட்டுப் போகத் திரும்பினார். ரெண்டடி போய் நின்றார்.

“ஏனுங்க சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? எத்தனையோ நாளா மனசுல இருக்குதுங்க. சரியான அளவுதான் எவ்வளவுங்க?”

அத்தனை வருஷத்தில் ஒரு மாணவனுக்கும் சொல்லாதவர். சார் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு காளியண்ணன் பக்கம் திரும்பி, நிதானமாக, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி நின்று சொன்னார்.

“தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. ஒண்ணு கூடலாம், ஒண்ணு குறையலாம்.”

“தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு” என்று காளியண்ணன் தாழ்ந்த குரலில் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். குவியலுக்கு முன் போய்க் குந்தினார். வள்ளத்தை நெல்லுக்குள் செருகி எடுத்து, விளிம்பைக் கையால் வழித்துவிட்டு, லாபம் என்று ஆரம்பித்தார்.

கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அந்தக் குவியலும் அளந்து முடிகிற வரைக்கும் சார் அங்கேயே நின்றார். காளியண்ணனின் குரலோடு கூடவே அவர் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.